நெற்றியில் நின்ற கைகள்

மேகம் இறங்குவதும் மழை பிடிப்பதும் எப்படியோ அப்படித்தான் இதுவும் நடந்தது என்று அந்த மலையூரில் இன்றைக்கும் சொல்கிறார்கள். ஒரு சனிக்கிழமைக் காலை, யூகலிப்டஸ் மரங்களின் ஈர வாசம் மைதானத்தில் தேங்கி நிற்க, பாண்டு வாத்தியம் ஓய்ந்த பிறகு, பட்டாளப் பயிற்சி மையத்தின் தலைவர் பிரிகேடியர் ஜெயசிம்மன் மேடையில் நின்று, தனக்கு வைக்கப்பட்ட சல்யூட்டுக்குப் பதிலாகத் தன் வலது கையை உயர்த்தி, பிறகு இறக்கினார். அவர் இறக்கினார், எதிரே நின்றவர்களில் பாதிப் பேர் இறக்கினார்கள், மீதிப் பாதிப் பேரின் கைகள் இறங்கவில்லை.

பட்டாளத்தில் ஒரு வழக்கம் உண்டு. கீழே இருப்பவன்தான் முதலில் கை தூக்க வேண்டும், மேலே இருப்பவர் பதிலுக்குத் தூக்கி இறக்கும்வரை அவன் கை நெற்றியிலேயே இருக்க வேண்டும். ஆகையால் தன்னுடைய பதிலில்தான் ஏதோ குறை என்று நினைத்த பிரிகேடியர் இன்னொரு முறை கை தூக்கி இறக்கினார், பிறகு முழங்கையை விறைப்பாக வைத்து மறுபடியும் ஒரு முறை, பிறகு மேடையை விட்டு இறங்கி வந்து வரிசை வரிசையாக ஒவ்வொருவர் முகத்துக்கும் நேராக ஒரு முறை. எந்தக் கையும் அசையவில்லை. கடைசியில் அவர் சிரித்தார். இத்தனை மரியாதையைத் தன் பணிக்காலத்தில் கண்டதில்லை என்று பக்கத்தில் நின்ற அதிகாரியிடம் சொல்லிவிட்டுக் காலை உணவுக்குப் போனார்.

முன்வரிசையில் நடுவில் நின்ற சுபேதார் மேஜர் தெய்வசிகாமணியின் கையும் இறங்கவில்லை. சிப்பாயாகச் சேர்ந்து படிப்படியாக ஏறிவந்தவர்களில் அந்த மையத்தில் அவர்தான் பெரியவர். வேலூர்ப் பக்கத்துக் கிராமத்தில் பாதி வீடுகளுக்குப் பட்டாளத்தில் ஆள் உண்டு, அப்படி ஒரு வீட்டிலிருந்து வந்தவர். சல்யூட் எப்படி வைப்பது என்று அவரிடம் கற்றுக்கொண்டு போனவர்கள் நாட்டின் எல்லா எல்லைகளிலும் நின்றார்கள். புதிதாக வந்தவர்களுக்கு அவர் முதல் நாள் சொல்லித்தரும் பாடம் ஒன்றுதான். ஆளைப் பார்க்காதே, தோளைப் பார், தோளில் இருக்கிற சின்னத்துக்குத்தான் நீ கை தூக்குகிறாய், அதைச் சுமக்கிற ஆள் நல்லவனா கெட்டவனா என்பது உன் வேலை இல்லை என்பார். அந்தப் பாடத்தை அவர் மனதார நம்பினார். அன்று காலை அவர் நெற்றியில் நின்ற கையும் தோளைப் பார்த்து வைத்த கைதான்.

அவருக்குத் தை மாதத்தில் மகள் நித்தியகல்யாணியின் கல்யாணம். தாரை வார்த்துக் கொடுக்கும்போது பெண்ணின் கையைப் பிடித்து மாப்பிள்ளை கையில் வைக்க அப்பனுக்கு வலது கை வேண்டும். மைதானத்திலிருந்து வீட்டுக்கு நடந்து வரும் வழியெல்லாம் அவர் நினைத்துக்கொண்டு வந்தது அதை மட்டும்தான், அல்லது அதை மட்டும்தான் நினைக்க வேண்டும் என்று தனக்குத்தானே உத்தரவு போட்டுக்கொண்டு வந்தார்.

பட்டாள டாக்டரம்மா எண்ணெய் தடவிப் பார்த்தாள், வெந்நீர் ஒத்தடம் கொடுத்துப் பார்த்தாள், மயக்க ஊசி போட்டும் பார்த்தாள். ஆள் தூங்கினான், கை விழித்திருந்தது. பிறகு அவளும் விட்டுவிட்டாள், ஊரும் பழகிக்கொண்டது. தையல்காரர் சட்டைகளின் அக்குளில் கூடுதலாகத் துணி விட்டுத் தைத்தார். முடிவெட்டுபவர் வலது காதின் பக்கம் மட்டும் நாற்காலியின் கீழ் குனிந்து அண்ணாந்து கத்தரித்தார். ஸ்கூட்டரை முறுக்க வலது கை வேண்டும் என்பதால் மனைவிமார் ஓட்டக் கற்றுக்கொண்டார்கள், பின்னால் உட்கார்ந்த புருஷன்மார் போகிற வழியில் எதிர்ப்பட்ட மாடு, தபால் பெட்டி, பால்காரர் எல்லாவற்றுக்கும் மரியாதை செய்துகொண்டே போனார்கள். இரட்டைக் கட்டில்களில் முழங்கை இடித்து இடித்துப் பெண்கள் தரையில் பாய் விரித்தார்கள். இடது கையால் சாப்பிடக் கூசியவர்களுக்கு வீட்டில் ஊட்டிவிட்டார்கள். முருகன் கோவிலில் இரண்டு கையும் சேர்த்துக் கும்பிட முடியாததால் சாமிக்கும் சல்யூட் வைத்தார்கள், சாமி பதிலுக்கு எதுவும் செய்யவில்லை. பஸ் நிலையத்து டீக்கடையில் இஸ்மாயில் பாய், கை உயர்ந்தவர்களுக்கும் இறங்கியவர்களுக்கும் ஒரே மாதிரி டீ ஆற்றிக்கொடுத்தார், ஆனால் கை இறங்கியிருந்த ஒரு கிளார்க்கிடம் மட்டும், "நீங்க எங்க தப்பிச்சீங்க, லீவுலயா இருந்தீங்க?" என்று கேட்டார், அவர் ஆமாம் என்றார். அந்தக் கேள்வியில் என்ன இருக்கிறது என்று அப்போது யாரும் யோசிக்கவில்லை.

பிறகு உணவு விடுதியில் பரிமாறிக்கொண்டிருந்த ஒரு வயதான ஹவில்தார் நெஞ்சுவலியில் செத்துப்போனார். உயிர் போனால் கை இறங்கிவிடும் என்று எல்லோரும் உள்ளூர நினைத்திருந்தார்கள், சிலர் அதற்காகவே வந்து நின்றார்கள் என்றுகூடச் சொல்லலாம். இறங்கவில்லை. குளிப்பாட்டி, வேட்டி கட்டி, மாலை போட்ட பிறகும் அவர் யாருக்கோ சல்யூட் வைத்தபடியே கிடந்தார். பாடையை அகலமாகக் கட்டினார்கள். சுடுகாட்டில் கடைசியாக எரிந்தது அந்தக் கைதான். அதற்குப் பிறகு ஊரில் யாரும் இதைப் பற்றி வேடிக்கையாகப் பேசவில்லை.

கண்டுபிடித்தது பெண்கள். பட்டாளக் குடியிருப்பில் கேண்டீனுக்கு முன்னால் வரிசையில் நிற்கும்போது, யார் வீட்டு ஆளுக்குக் கை உயர்ந்திருக்கிறது, யாருக்கு இல்லை என்று ஒருத்தி பேச்செடுத்தாள். லீவில் போயிருந்தவனுக்கு இல்லை. அந்த மாதம்தான் மாற்றலாகி வந்தவனுக்கு இல்லை. ஒரு காது கேட்காத, யாரிடமும் பேசாத துணிக்கிடங்குக் காவலாளிக்கு இல்லை. பேச்சு அப்படியே ஒவ்வொரு வீடாக நடந்து வந்து மூன்றாம் வரிசைக் குவார்ட்டர்ஸை அடைந்ததும் நின்றுவிட்டது. மூன்றாம் வரிசையின் கடைசி வீட்டில் இன்பவல்லி தன் சிறு குழந்தையோடு இருந்தாள். அவள் புருஷன் லான்ஸ் நாயக் தவசியைப் பனி எல்லைக்கு அனுப்பி எட்டு மாதம் ஆகியிருந்தது. ஏன் அவனை மட்டும் முறை மாற்றி அனுப்பினார்கள் என்று அப்போதே எல்லோருக்கும் ஓர் எண்ணம் இருந்தது. எண்ணத்தை வாயால் சொல்லாமல் இருப்பதைத்தான் அங்கே ஒழுக்கம் என்று வைத்திருந்தார்கள்.

அந்த வரிசையிலிருந்து தெய்வசிகாமணியின் மனைவி சகுந்தலா வீட்டுக்கு வந்து பையை வைத்துவிட்டு, அவருக்குச் சோறு பிசைந்து ஊட்ட உட்கார்ந்தாள். முதல் கவளத்தைக் கையில் எடுத்தவள் அதை அவர் வாயருகில் கொண்டு போகவில்லை.

"விஷயம் தெரிஞ்சவங்க கைதான் எறங்கலியாம்" என்றாள். "நீங்க இன்னா பாத்தீங்க?"

அவர் சுவரைப் பார்த்தார். கையை நெற்றியில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்க்கிறவர் தூரத்தில் யாரையோ தேடுகிற மாதிரி இருந்தது. சகுந்தலா கவளத்தைத் தட்டிலேயே வைத்தாள்.

"நான் ஒண்ணும் உங்களக் கேக்க யோக்கியதை உள்ளவ இல்ல. வேலிக்கு அந்தாண்ட நின்னு அந்தப் பொண்ணு கூப்பிட்டுது. மத்தியானத்துல கொஞ்ச நேரம் சும்மா வந்து உக்காந்திருங்கக்கான்னுது. அது வாயத் தொறந்து வேற ஒண்ணும் சொல்லல. எனக்குப் புரிஞ்சுது. வடகத்துக்கு மாவு கிளறி வச்சிருக்கேன், காஞ்சுடும்னு சொல்லிட்டேன்." விரல்களில் ஒட்டிய சோற்றைத் தட்டில் வழித்துப் போட்டாள். "என் கை கீழ இருக்குதுன்னா, நான் அந்த ஆளுக்கு சல்யூட் வைக்கிற வேலையில இல்ல, அவ்ளோதான்."

அன்று இருவரும் சாப்பிடவில்லை.

அவர் பார்த்தது இதுதான். அந்தச் சனிக்கிழமைக்கு முந்தைய புதன்கிழமை, பட்டாளம் முழுவதும் துப்பாக்கி சுடும் மைதானத்தில் இருந்தது. தெய்வசிகாமணி ஒரு சிறு படையைக் கூட்டிக்கொண்டு பள்ளத்திலிருந்து மணல் மூட்டைகள் சுமந்துவரக் குறுக்கு வழியாக மூன்றாம் வரிசைக்குள் நுழைந்தார். கடைசி வீட்டுக்கு முன்னால், சைப்ரஸ் மரத்தடியில், பிரிகேடியரின் ஜீப் நின்றது. பிரிகேடியர் வண்டிக்குள் இருந்தால் முன்னால் இருக்கிற நட்சத்திரப் பலகை திறந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் தோல் உறை போட்டு மூட வேண்டும், அது விதி. உறை போட்டிருந்தது. கொடி சுருட்டியிருந்தது. அவர் வண்டியில் இல்லை என்று உறை சொன்னது, எங்கே இருக்கிறார் என்று தெரு சொன்னது. விதியை ஒரு துளி மீறாமல் எல்லாம் நடந்துகொண்டிருந்தது.

அப்போது பக்கவாட்டுக் கதவு திறந்தது. இன்பவல்லி வெளியே வந்தாள். முந்தானையை இரண்டு கையாலும் கழுத்தோடு சேர்த்துப் பிடித்திருந்தாள். செருப்பு இல்லை. அவரைப் பார்த்தாள், அவருக்குப் பின்னால் நின்ற இத்தனை ஆண்களைப் பார்த்தாள், இத்தனை பேர் வந்துவிட்டார்கள் என்று அந்த முகத்தில் ஓர் ஆறுதல்கூட வந்தது. வாய் "சாப்" என்று கூப்பிடத் திறந்தது, சத்தம் வரவில்லை. அவளுக்குப் பின்னால் உள்ளே பூட்ஸ் காலடி கேட்டது.

தெய்வசிகாமணி தன் வாழ்நாள் முழுவதும் மைதானத்தில் முழங்கிய அந்தக் குரலிலேயே உத்தரவு போட்டார்.

"பீச்சே முட்."

படை குதிகாலில் திரும்பியது. கடைசி வரிசை முதல் வரிசையானது. அவள் நின்ற இடத்துக்கு எல்லோரும் முதுகு காட்டி நடந்தார்கள், இடது வலது இடது என்று காலடிகள் சரியாக விழுந்தன, அப்படிச் சரியாக விழுந்ததுதான் பின்னாட்களில் அவரை அதிகம் வதைத்தது. ஒரே ஒருவன், பென்ஷனுக்குப் பக்கத்தில் வந்துவிட்ட, நரைமீசைச் சிப்பாய் ஒருவன், தலையைத் திருப்பித் திருப்பிப் பின்னால் பார்த்துக்கொண்டே நடந்தான்.

இவ்வளவும் தெரிந்த கைதான் சனிக்கிழமை காலை தோளைப் பார்த்து மேலே போனது.

கை தூக்கியபடி துப்பாக்கி பிடிக்க முடியாத ஒரு பட்டாளத்தைப் பற்றி மேலிடத்துக்குச் செய்தி போகாமல் இருக்குமா? விசாரணைக்கு மூன்று அதிகாரிகள் வருகிறார்கள் என்று தெரிந்ததும், பிரிகேடியர் ஜெயசிம்மன் தெய்வசிகாமணியைத் தன் பங்களாவுக்குக் கூப்பிட்டு அனுப்பினார். தோட்டத்தில் ரோஜாக்கள் பூத்திருந்தன. நாற்காலியில் உட்காரச் சொன்னார். மலைக்குளிரில் வருகிற ஒருவகை நரம்பு வாதம் இது என்று டாக்டர் எழுதித் தரப்போவதாகச் சொன்னார், மூத்தவர் என்ற முறையில் சுபேதார் மேஜரும் அப்படியே சொல்லிவிட்டால் மற்றவர்களும் அப்படியே சொல்வார்கள் என்றார். ஓய்வு பெறும்போது கிடைக்கிற கௌரவ கேப்டன் பட்டத்துக்குத் தெய்வசிகாமணியின் பெயரைத் தானே பரிந்துரை செய்திருப்பதை நினைவூட்டினார். கல்யாணத்துக்குப் பட்டாள பாண்டையே அனுப்பிவைப்பதாகச் சொன்னார். இவ்வளவையும் சொல்லும்போது அவருடைய வலது கை மட்டும் எந்தத் தடையும் இல்லாமல் டீயில் சர்க்கரையைக் கலக்கிக்கொண்டிருந்தது.

"பட்டாளத்தோட மானம் உங்க கையிலதான் இருக்கு, சாப்" என்றார் கடைசியாக.

இருவருமே அந்தக் கையைப் பார்த்தார்கள். பிரிகேடியர்தான் முதலில் பார்வையைத் திருப்பிக்கொண்டார்.

விசாரணை பழைய நூலகக் கட்டிடத்தில் நடந்தது. தெய்வசிகாமணி உள்ளே போய் விறைப்பாக நின்றார். மேசைக்குப் பின்னால் இருந்த அதிகாரி "விஷ்ராம்" என்று தளர்ந்து நிற்கச் சொன்னார், இடது கை மட்டும் தளர்ந்தது. இந்த நோய் எப்போது ஆரம்பித்தது என்று கேட்டார்கள். அவருக்குக் கேப்டன் பட்டம் நினைவுக்கு வந்தது. சம்பந்தி வீட்டார் எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லிவைத்திருக்கிற பட்டம் அது. மகளின் கை நினைவுக்கு வந்தது. அந்தக் கதவருகில் ஒரு கணம் ஆறுதல் வந்து போன முகம் நினைவுக்கு வந்தது. அவர் தைரியசாலியாக மாறிவிடவில்லை, ஒரு குற்றவாளியைப் போலத்தான் நின்றார்.

"எனக்கு நோய் ஒண்ணும் இல்லீங்க" என்றார். "நான் பாத்தேன். பாத்துட்டு, படையத் திருப்பிட்டேன்."

பிறகு நடந்ததை எல்லாம் சொன்னார். அவருக்குப் பின்னால் பிரிகேடியரின் டிரைவர் போனான், கிளார்க்குகள் போனார்கள், அதிகாரிகள் போனார்கள், மூட்டை சுமந்தவர்கள் போனார்கள். ஒவ்வொருவரும் உள்ளே போய்ச் சொன்னது பாத்தேன் என்ற ஒரே சொல்லைத்தான். இத்தனை பேர் பார்த்த ஒன்றை ஏன் இத்தனை நாள் யாரும் பார்க்கவில்லை என்று அந்த மூன்று அதிகாரிகளில் வயதானவர் கேட்டாராம்.

இன்பவல்லியையும் கூப்பிட்டார்கள். அவள் என்ன சொன்னாள் என்று வெளியே யாருக்கும் தெரியாது, தெரிந்துகொள்ளும் உரிமை அந்த ஊருக்கு இல்லை.

பிரிகேடியர் ஜெயசிம்மனைப் பதவியிலிருந்து நீக்கினார்கள். தனிப்பட்ட நடத்தை காரணமாக என்று பத்திரிகையில் இரண்டு வரி வந்தது. அவர் கிளம்பிய காலையில் பங்களாவிலிருந்து பஸ் நிலையம்வரை சாலையின் இரண்டு பக்கமும் ஊர் கூடியிருந்தது. வழியனுப்ப யாரும் வரவில்லை, கை இறங்குவதைப் பார்க்கத்தான் வந்தார்கள். மனைவிமார் தோளில் தேய்த்துவிட எண்ணெய்க் கிண்ணங்களோடு நின்றார்கள். நட்சத்திரப் பலகை கழற்றப்பட்டு வெறும் திருகாணி ஓட்டைகளோடு கார் வந்தது. அவர் மனைவி முந்தின வாரமே தன் தம்பி வீட்டுக்குப் போய்விட்டிருந்தாள், அவர் தனியாகப் பின்னால் உட்கார்ந்திருந்தார். சாலையின் இருபுறமும் கைகள் நெற்றியில் இருந்ததைப் பார்த்து, பழக்கத்தில், அவர் கை பாதி எழுந்தது. பிறகு அவை எதற்கு நிற்கிற கைகள் என்று நினைவு வந்தவர் போல, தன் கையை மடியில் வைத்துக்கொண்டார். கார் வளைவில் திரும்பி மறைந்தது.

கைகள் இறங்கவில்லை.

எண்ணெய்க் கிண்ணங்கள் அப்படியே இருந்தன. குழந்தை ஒன்று சிரித்தது, அதன் தாய் அதன் வாயைப் பொத்தினாள். அவர் போனால் போய்விடும் என்று அவர்கள் நம்பியிருந்தது போகவில்லை, அவரோடு போகிற பொருளாக அது இருக்கவில்லை. வெயில் ஏறும்வரை நின்றுவிட்டு எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் வீட்டுக்கு நடந்தார்கள்.

அப்போது யாருக்கோ ஒரு யோசனை வந்தது. பதில் கிடைக்கும்வரை கை இறங்கக் கூடாது என்பதுதானே வழக்கம்? அந்தப் பதிலைத் தரவேண்டியது பிரிகேடியர் இல்லை, வேறொருத்தி என்று எங்கோ பேச்சு கிளம்பி, மறுநாளே மூன்றாம் வரிசைக் கடைசி வீட்டுக்கு முன்னால் வரிசை நின்றது. ஆப்பிளும் ஹார்லிக்ஸும் கொண்டுவந்தார்கள், குழந்தைக்குப் பொம்மை கொண்டுவந்தார்கள், கதவுக்கு எதிரே குதிகால் தட்டி விறைப்பாக நின்றார்கள். அவள் ஒரு முறை கையைத் தூக்கி இறக்கினால் போதும் என்றார்கள். இன்பவல்லி கதவைத் திறந்து நிலைப்படியில் நின்று, அந்த நீண்ட வரிசையை, அந்த வாசலை இத்தனை நாள் எட்டிப் பார்க்காதவர்களின் வரிசையைக் கடைசிவரை பார்த்தாள்.

"உங்க கை எறங்குறதுக்கு நான் என்ன மருந்தா?" என்று கேட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

தெய்வசிகாமணி அந்த வரிசையில் நிற்கவில்லை. நல்ல மனதால் அல்ல, அந்தக் கதவை நேருக்கு நேர் பார்க்க அவரால் முடியவில்லை. கல்யாணத்துக்குப் பத்திரிகை அடித்தாகிவிட்டது, கேப்டன் பட்டம் கிடைக்காது என்று தெரிந்து சம்பந்தி வீட்டில் குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. சகுந்தலா அவருக்குச் சட்டை மாட்டிவிட்டாள், ஊட்டிவிட்டாள். நித்தியகல்யாணி மட்டும் ஒரு நாள், சித்தப்பாவை வைத்துத் தாரை வார்த்துக்கொள்ளலாம் அப்பா, யாரும் ஒன்றும் நினைக்க மாட்டார்கள் என்றாள். அவள் ஆறுதலாகத்தான் சொன்னாள். அவருக்குக் கூசியது.

பொங்கலுக்கு முன்னால் ஒரு பகலில், இன்பவல்லி வீட்டைக் காலி செய்தாள். ஊருக்குப் போ, நான் வேலையை விட்டுட்டு வர்றேன் என்று தவசி எல்லையிலிருந்து போனில் சொல்லியிருந்தான், அவன் வேறு எதுவும் கேட்கவில்லை. தெய்வசிகாமணி பால் வாங்கிக்கொண்டு வந்தபோது அவள் தெருவின் நடுவில் வந்துகொண்டிருந்தாள், இடுப்பில் குழந்தை, ஒரு கையில் பச்சை டிரங்குப் பெட்டி, தோளில் ஜமுக்காளத்தில் கட்டிய மூட்டை. கொஞ்ச தூரம் நடப்பதும் பெட்டியை வைப்பதுமாக வந்தாள். வழக்கம் போல எல்லா வீட்டு ஜன்னல்களும் பார்த்துக்கொண்டிருந்தன.

அவர் நின்றார். அவளும் நின்றாள். நெற்றியில் கையோடு எதிரே நிற்கிற மனிதரைப் பார்த்து அவள் களைத்துப் போன குரலில் சொன்னாள்.

"என் ரெண்டு கையிலயும் சாமான் இருக்கு, சாப்."

அவர் பால் பாத்திரத்தை ஒரு வீட்டுச் சுவர்மேல் வைத்தார். இடது கையால் பச்சைப் பெட்டியைத் தூக்கினார். அவள் மூட்டையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டாள். மூன்றாம் வரிசை வழியாக, அன்று படை திரும்பிய அதே இடத்தைத் தாண்டி, திரும்பாமல், அவள் முன்னால் நடக்க அவர் பின்னால் நடந்தார். வலது கை நெற்றியில் இருந்தது, பார்ப்பவர்களுக்கு, முன்னால் போகிற அந்த இளம்பெண்ணுக்குச் சல்யூட் வைத்துக்கொண்டே ஒரு சுபேதார் மேஜர் பெட்டி சுமந்து போவது போல இருந்தது. எந்த ஜன்னலும் சாத்தப்படவில்லை, எந்தக் கதவும் திறக்கவில்லை.

பஸ் நிலையத்தில் பஸ் புறப்படத் தயாராக இருந்தது. கண்டக்டர் மேலே ஏறி நின்று பெட்டியைக் கேட்டார். பெட்டி கனம், ஒரு கையால் தலைக்கு மேலே தூக்க முடியவில்லை. இரண்டாவது முறை முயன்றபோது பெட்டி சரிந்தது, பக்கத்தில் குழந்தை நின்றது, தெய்வசிகாமணி இரண்டு கையாலும் அதைத் தாங்கிப் பிடித்து மேலே கொடுத்தார். கொடுத்து முடித்த பிறகுதான் அவருக்குத் தெரிந்தது. வலது கை பக்கத்தில், காற்றில், ஒரு பழைய பொருளைப் போலத் தொங்கிக்கொண்டிருந்தது.

அவள் அதைப் பார்த்தாள்.

"எறங்கிடுச்சு போல" என்றாள். "போங்க. பொண்ணுக்குக் கல்யாணம்னாங்க."

அவர் போகவில்லை. அவள் குழந்தையோடு ஏறி ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, கொஞ்ச நேரம் கழித்து, கேட்கலாமா வேண்டாமா என்று யோசித்தவள் போல, வெளியே குனிந்தாள்.

"அன்னைக்கு நீங்க எல்லாரையும் திருப்பிக் கூட்டிட்டுப் போனீங்கல்ல. ஒருத்தர் மட்டும் திரும்பித் திரும்பிப் பாத்துக்கிட்டே போனாரு. அவரு பேரு என்ன, சாப்?"

"வடமலையான்."

"இங்கதான் இருக்காரா?"

பஸ்ஸின் இயந்திரம் உறுமியது. அவர் பொய் சொல்லியிருக்கலாம்.

"இல்லம்மா. அணிவகுப்புல தலையத் திருப்பினான்னு அன்னைக்கே மூட்டைய சுமந்துகிட்டு மைதானத்தச் சுத்தி ஓட வச்சேன். மூச்சு வாங்கிக்கிட்டே ஓடினான். வெள்ளிக்கிழமையே எல்லைக்குப் போறவங்கள்ல அவனச் சேத்து அனுப்பிட்டேன். நான்தான் அனுப்பினேன்."

இன்பவல்லி அவரை ஒரு வார்த்தையும் திட்டவில்லை. வடமலையான் என்று அந்தப் பெயரைத் தனக்குள் ஒரு முறை சொல்லிப் பார்த்தாள், ஊருக்குக் கொண்டுபோகிற ஒரே நல்ல பொருளை மடியில் முடிந்துகொள்வது போல. பஸ் நகர்ந்தது. அவர் கையைத் தூக்கி வழியனுப்பலாமா என்று நினைத்தார், அந்தக் கையை இனி எவ்வளவு உயரம் தூக்கலாம் என்று தெரியாமல் நின்றுவிட்டார். அவர் திரும்பி வந்தபோது சுவர்மேல் வைத்த பாலைப் பூனை குடித்துவிட்டிருந்தது.

மற்றவர்களின் கைகள் எப்போது இறங்கின என்பதைப் பற்றி ஊரில் ஒரே கதை இல்லை. ஒருவருக்கு மனைவியிடம் எல்லாவற்றையும் சொல்லி அழுதபோது, ஒருவருக்கு வேலையை விட்டு எழுதிக் கொடுத்தபோது, ஒருவருக்குத் தூக்கத்தில், எந்தக் காரணமும் இல்லாமல். ஒருவருக்கு இன்னும் இறங்கவில்லை என்றும், ஊரைவிட்டுப் போய் எங்கோ ஒரு கடையில் காவலாளியாக இருக்கிறார் என்றும், அந்த வேலைக்கு அது வசதியாகவே இருக்கிறது என்றும் சொல்வார்கள். இறங்கியவர்கள் எல்லோருக்கும் வலது புருவத்துக்கு மேலே, விரல்கள் நின்ற இடத்தில், வெயில் படாத ஒரு வெளிறிய தடம் இருந்தது. பிறகு எத்தனை வெயில் பட்டும் அது கறுக்கவில்லை. கை மேலே இருந்தவரை அந்தத் தடத்தைக் கையே மறைத்திருந்தது. இறங்கிய பிறகுதான் எல்லோருக்கும் தெரிந்தது.

தை மாதத்தில் கல்யாணம் நடந்தது. பாண்டு வரவில்லை, உள்ளூர் நாதஸ்வரம் வந்தது. மணவறையில் தெய்வசிகாமணி மகளின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார், பக்கத்தில் சகுந்தலா சொம்பில் தண்ணீரோடு உட்கார்ந்தாள். தாரை வார்ப்பதற்கு முன்னால் பெண்ணின் வம்சம் சொல்ல வேண்டும். ஐயர், மாப்பிள்ளை வீட்டு மூன்று தலைமுறையைச் சொல்லி முடித்துவிட்டு, இவர் பக்கம் குனிந்து இவருடைய அப்பா பெயர் கேட்டார், சொன்னார். தாத்தா பெயர் கேட்டார்.

தாத்தாவின் பெயர் அவருக்குத் தெரியும். அது வாய்வரை வந்தது.

"வடமலையான்" என்றார்.

ஐயர் தலையாட்டிக்கொண்டு உரத்த குரலில், வடமலையானுடைய கொள்ளுப்பேத்தி என்று ஆரம்பித்து மூன்று முறை சொன்னார், மண்டபம் மூன்று முறையும் கேட்டது. சம்பந்தி வீட்டார் அட்சதையைக் கையில் வைத்துக்கொண்டு மரியாதையாகக் கேட்டார்கள். தன் கணவரின் தாத்தாவுக்கு அந்தப் பெயர் இல்லை என்று தெரிந்த சகுந்தலா தலை நிமிர்ந்து, அவர் நெற்றியில் இருந்த வெளிறிய தடத்தைப் பார்த்தாள். பிறகு சொம்பைச் சாய்த்தாள். தண்ணீர் அவர் கையில் விழுந்து, மகளின் கையில் வழிந்து, கீழே போனது.